கசப்பு இலையும் நாலு கேள்வியும்

பந்தலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், காம்பராச் சுவரில் ஒட்டியிருந்த காகிதத் தட்டு ஒன்றைப் பார்த்தோம். பிறந்தநாள் கேக் வைத்துக் கொடுக்கிற வெள்ளைத் தட்டு. அதில் ஆறு வட்டம் போட்டு, ஒன்றில் முட்டை, ஒன்றில் எலும்பு, ஒன்றில் பச்சை இலை என்று கலர் பென்சிலில் வரைந்திருந்தது. நாலாம் வகுப்புப் பையன் செய்தது. தினமும் வேனில் போய் இங்கிலீஷ் மீடியம் படிக்கிறான். அம்மா கொழுந்தெடுத்து வாங்குகிற கூலியில் பெரும்பங்கு அந்த வேனுக்கும் பீசுக்கும் போகிறது.

‘இது என்னடா தம்பி?’

‘பாஸோவர். ஜூயிஷ் பெஸ்டிவல். உலகப் பண்டிகைகள் வாரம்னு மிஸ் செய்யச் சொன்னாங்க.’

‘எதுக்காகக் கொண்டாடுறாங்க?’

‘தெரியாதுண்ணா. கோட்டுக்கு வெளிய கலர் போகாம அடிச்சேன்ல, அதுக்கு ஸ்டார் குடுத்தாங்க.’

பள்ளியின் பெயர் வேண்டாம். மலையில் அப்படி ஒரு பள்ளி மட்டும் இல்லை. அந்த மிஸ்ஸையும் குற்றம் சொல்ல வரவில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தில் ஏழு பண்டிகையை முடிக்கச் சொன்னால் வேறென்ன செய்வார்? ஆனால் அந்தத் தட்டில் இருப்பது வேறு எதுவும் இல்லை, அடிமைத்தனம். அடிமையாக இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அதை மறக்கவிடாமல் சொல்லிக்கொடுக்கக் கண்டுபிடித்த தட்டு அது. அதை ஒரு பஞ்சமர் வீட்டுப் பிள்ளை, கூலியாகக் கடல் கடந்து கூலியாகவே திரும்பி வந்த குடும்பத்தின் பேரன், அடிமை என்கிற சொல்லையே கேட்காமல் கலர் அடித்து முடித்துவிட்டான். நமக்கு உறுத்தியது அதுதான்.

பாஸ்கா என்றால் நம்மில் பலருக்குத் தெரியும். லயத்துக் கிறித்தவக் குடும்பங்களில் பெரிய வியாழன், ஈஸ்டர் ராத்திரி வழியாக வந்து சேர்ந்த சொல். அதன் மூலம் யூதர்களின் பண்டிகை. நிசான் மாதப் பௌர்ணமியில், நம் கணக்கில் பங்குனி, சித்திரையை ஒட்டி வரும். எகிப்தில் செங்கல் அறுத்து அடிமை வேலை செய்த இஸ்ரவேல் மக்கள் மோசேயின் தலைமையில் வெளியேறிய கதையை நினைத்து ஏழு நாள், இஸ்ரேலுக்கு வெளியே வழக்கமாக எட்டு நாள் கொண்டாடுகிறார்கள். முதல் ராத்திரி வீட்டில் சாப்பாடு. கோயிலும் குருவும் அங்கே இரண்டாம் பட்சம். சாப்பாட்டு மேசையே பள்ளிக்கூடம்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். வீட்டிலேயே சின்னப் பிள்ளை எழுந்து கேள்வி கேட்க வேண்டும்: மற்ற ராத்திரி மாதிரி இல்லாமல் இன்றைக்கு மட்டும் ஏன் இப்படிச் சாப்பிடுகிறோம்? பிள்ளை கேட்டால்தான் பெரியவர் வாயைத் திறந்து கதை சொல்லலாம். கசப்புக் கீரை எதற்கு? அடிமை வாழ்க்கை கசந்தது, அதற்கு. புளிக்காத ரொட்டி எதற்கு? கிளம்பும் அவசரத்தில் மாவு புளிக்க நேரமில்லை. உப்புத் தண்ணீரில் கீரையைத் தொட்டுத் தின்பது எதற்கு? அது கண்ணீர். பழமும் கொட்டைகளும் சேர்த்து இடித்த பழுப்பு உருண்டை? அது செங்கல்லுக்கு நடுவே பூசிய சாந்து. நடுவில் ஒரு துண்டு ரொட்டியை ஒளித்து வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் தூங்கிவிடாமல் விழித்திருந்து அதைத் தேடிக் கண்டுபிடித்தால்தான் சாப்பாடு முடியும். சொல்கிற விதத்திலும் ஒரு கட்டாயம் இருக்கிறது. ‘அவர்கள் அடிமையாக இருந்தார்கள்’ என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தானே எகிப்திலிருந்து புறப்பட்டு வந்ததாக நினைத்துக்கொண்டு பேச வேண்டும்.

ஒரு தலித் இதழின் தலையங்கத்துக்கு யூதப் பண்டிகை எதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். மோசேயின் கதை ஒடுக்கப்பட்ட மக்களுக்காக உழைக்கிறவனுக்குத் தெம்பு தருகிற கதை என்று பாபாசாகேப் அம்பேத்கரே எழுதியிருக்கிறார். பண்டிகையை வரலாறாக வாசிப்பதும் நமக்குப் புதிதல்ல. அந்த வாசிப்பைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் இதே நீலகிரியில் வாழ்ந்தவர். 1891 டிசம்பர் 1இல் உதகையில் மாநாடு கூட்டி, நம் பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டுத் தீர்மானம் போட்டவர். பிறகு 1907இல் தொடங்கிய ‘தமிழன்’ ஏட்டில், தீபாவளி, பொங்கல், கார்த்திகை ஒவ்வொன்றையும் பார்ப்பனியக் கதையிலிருந்து பிடுங்கி எடுத்து, இது யார் பண்டிகை, எதை நினைக்கச் செய்த பண்டிகை என்று கேட்டவர். சொல்லிலும் அரசியல் இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் எகிப்தை விட்டு வெளியேறிய புத்தகத்துக்கு ‘யாத்திராகமம்’ என்று பெயர். ஏதோ திருத்தல யாத்திரை மாதிரி. 1995இல் வந்த திருவிவிலியத்தில் அதுவே ‘விடுதலைப் பயணம்’ ஆகியது. அப்படிப் பெயர் மாற்றிய சபைகளிலும் சேரிக்காரனுக்குத் தனிக் கல்லறை இருக்கிற ஊர்கள் உண்டு என்பது வேறு கதை.

காகிதத் தட்டைப் பார்த்த பிறகு நம் மாணவத் தோழர்கள் அந்த லயத்து மாலை வகுப்பில் ஒரு காரியம் செய்தார்கள். 2025இல் பாஸ்கா ஏப்ரல் 12 சாயங்காலம் தொடங்கியது. அம்பேத்கர் பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முந்தி. அன்றைக்கே பதினேழு பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தார்கள்.

புளிக்காத ரொட்டிக்கு எங்கும் போகவில்லை. கோதுமை மாவைப் பிசைந்து அப்படியே தட்டிச் சுட்ட ரொட்டி. சிலோனில் விடியக்காலை பெரட்டுக்கு ஓடும்போது பாட்டன் பூட்டன் மடியில் கட்டிக்கொண்டு போன அதே ரொட்டி. சாந்துக்குப் பேரீச்சம்பழம், வேர்க்கடலை, வெல்லம். கசப்புக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது ஒரு பிள்ளையே வெளியே காட்டியது. வீட்டுக் கொல்லையில் மருந்து அடிக்காமல் நின்ற ஒற்றைத் தேயிலைச் செடி. (தோட்டத்துச் செடியில் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம், எந்த நாளில் என்ன மருந்து அடித்தான் என்று நமக்குத் தெரியாது.) இரண்டு இலை ஒரு மொட்டைக் கழுவி ஆளுக்குக் கொஞ்சம் வாயில் போட்டார்கள். கசப்பும் துவர்ப்பும் நாக்கைப் பிடித்து இழுத்தது. துப்பிவிட்டு ஒரு பெண் குழந்தை சொன்னது: ‘இதையா எங்கம்மா நாள் பூரா எடுக்குது?’ அந்த லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. பச்சைக் கொழுந்தை அது அன்றைக்குத்தான் தின்று பார்க்கிறது.

உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டு இது என்ன என்று கேட்டதற்கு, கண்ணீர் என்று சொல்லிக்கொடுக்கக் காத்திருந்தார்கள். கதவோரம் நின்றிருந்த ஒரு பாட்டி முந்திக்கொண்டார்: ‘அது கடலு. தலைமன்னாரு கடலு.’

அந்தப் பாட்டி இதுவரை எதையும் பேசியதில்லை. கேட்டால், ‘அதெல்லாம் இப்ப எதுக்குய்யா’ என்பார். நம் வீடுகளில் பெரியவர்கள் இப்படித்தான். பட்ட அவமானத்தைச் சொன்னால் பிள்ளைகள் மனம் ஒடிந்துவிடும் என்று மூடி வைக்கிறார்கள். நம் எதிரிகள் நம் வரலாற்றை அழித்தார்கள் என்று மேடையில் முழங்குகிறோம். நாமே பெட்டியில் பூட்டிவைத்திருப்பதைப் பற்றி எப்போது பேசப்போகிறோம்? அன்றைக்கு அந்தப் பாட்டி காம்பராவுக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய பேமிலி கார்டை எடுத்து வந்தார். பேரப்பிள்ளைகளே பார்க்காத அட்டை. அதில் பாவாடை தாவணியில் ஒரு பெண்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். 1948இல் இலங்கை விடுதலை பெற்ற வருசமே ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு மலையகத் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கினார்கள். அடுத்த ஆண்டு ஓட்டும் போனது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைக் கூறு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அதையும் 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தேயிலைச் செடியைக்கூட வேரைப் பார்த்துத்தான் பிடுங்குவார்கள். இவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அங்கிருந்து ஆளுக்கொரு திசை. நீலகிரிக்கு வந்தவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதுதான் பிறகு டான்டீ ஆனது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று காட்டைத் திருத்திச் செடி நட்டவர்கள் இவர்கள். பெரும்பாலோர் பள்ளர், பறையர், சக்கிலியர். அங்கே கள்ளத்தோணி என்றார்கள், தோட்டக்காட்டான் என்றார்கள். இங்கே வந்தால் ‘சிலோன்காரன்’.

பாஸ்காக் கதையில் கடல் பிளந்து வழிவிட்டது. நமக்குத் தண்ணீர் எப்போதும் அப்படி நடந்துகொண்டதில்லை. 1999 ஜூலை 23இல் மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியபோது 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று இன்னும் இரண்டு வயது தாண்டாத குழந்தை. பெரிய பிள்ளைகளுக்கு இதையும் அந்த உப்புத் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தே சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. சரியா என்று தோழர்களுக்குள் இன்னும் தகராறு இருக்கிறது.

பாட்டி சொல்லி முடித்த பிறகு பிள்ளைகளைச் சொந்தமாக நாலு கேள்வி எழுதச் சொன்னார்கள். எல்லாரும் சொந்த வீட்டில் இருக்க நாம ஏன் லயத்தில் இருக்கோம் என்று ஒன்று. சிலோனிலும் லயம் சாதிவாரியாப் பிரிச்சுத்தான் இருந்துச்சுன்னு பாட்டி சொல்லுச்சே, எல்லாரும் கூலிதானே, அப்புறம் என்ன சாதி என்று ஒன்று. கூட்டிக்கொண்டு போன கங்காணியும் தமிழ்தானே என்று இன்னொன்று. பாரவோன் யார் என்று ஒரு பையன் கேட்டதற்கு ஆளுக்கொரு பதில் வந்தது. தொரை என்றார்கள், கவர்மெண்ட் என்றார்கள், கணக்கப்பிள்ளை என்றார்கள். ஒரே ஒரு பாரவோன் இருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒன்று கேட்டதுதான் தோழர்களை மாட்டிவிட்டது. ‘வெளிய வந்த பொறவு அவங்க யாரையும் அடிமையா வச்சுக்கலியா?’

பதில் தூரத்தில் இல்லை. கூடலூரிலிருந்து மலையிறங்கி ஒரு நாள் பஸ்ஸில் போகிற தூரத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில், 1568இல் கட்டிய பரதேசி யூதர் ஜெபாலயம் இருக்கிறது. அங்கே வருசா வருசம் பாஸ்கா நடந்தது. அடிமைத்தளையை உடைத்த கதை வருசா வருசம் வாசிக்கப்பட்டது. அதே ஆலயத்தில், தங்கள் வீட்டு அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியை, அவர்களும் யூதர்களே ஆனபோதும், பெஞ்சில் உட்காரவிடவில்லை. முன்கூடத்தில் தரையில் உட்கார வேண்டும். வேதச் சுருளை வாசிக்க அழைக்க மாட்டார்கள். அவர்களோடு பெண் கொடுத்துப் பெண் எடுக்க மாட்டார்கள். எகிப்தை மறக்காதவர்கள் கேரளத்துச் சாதியை நன்றாகவே படித்துக்கொண்டார்கள். அந்தத் தரையில் உட்கார்ந்த வம்சத்தில் 1882இல் பிறந்த ஏ. பி. சேலம் வழக்கறிஞர் ஆகி, காந்தியின் சத்தியாகிரகத்தை அந்த ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். வெளியே தீண்டாமைக்கு எதிராக வைக்கம் நடந்த அதே காலகட்டம். வருசக் கணக்கில் போராடித்தான் பெஞ்சும் வாசிப்பும் கிடைத்தன. 1950இல் அவர் மகன் பரதேசி வீட்டுப் பெண்ணை மணந்தபோது எழுந்த எதிர்ப்பு பெரிது.

அதற்கு நேர் எதிரான ஒன்றும் உண்டு. ஆந்திரத்தில் குண்டூர்ப் பக்கம் சில மாதிகா குடும்பங்கள் 1980களின் பிற்பகுதியிலிருந்து தங்களை இஸ்ரவேலின் தொலைந்துபோன ஒரு கோத்திரம் என்று சொல்லி, பெனே எப்ராயீம் என்ற பெயரில் யூத வழிபாடு நடத்துகிறார்கள். சேரியைவிட்டு வெளியேற அவர்கள் கண்ட வாசல் அது. கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. பாபாசாகேப் பௌத்தம் தேடியதும், பண்டிதர் பூர்வ பௌத்தம் தேடியதும் வாசல் தேடித்தான். ஆனால் வேறு யாரோ ஒருவருடைய விடுதலையைத் தன்னுடையதாகச் சொல்லித்தான் ஆக வேண்டுமா? அந்தப் பாட்டியின் பெட்டியில் இருப்பது போதாதா?

அந்தப் பெண்ணின் கேள்வி நம் பக்கமும் திரும்புகிறது. நம்மவர்கள் வந்து செடி நட்ட காடு யாருமில்லாக் காடு இல்லை. பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் வாழ்ந்த பூமி. பணியர்கள் கூடலூர், வயநாட்டுப் பக்கம் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள். எல்லையைத் தாண்டினால் மானந்தவாடியில் வள்ளியூர்க்காவு அம்மன் திருவிழா. பாஸ்கா வருகிற அதே பங்குனியில்தான் அதுவும். ஒரு காலத்தில் அங்கே பணியரையும் அடியரையும் நிறுத்திக் கொஞ்சம் பணமும் துணியும் கொடுத்து, அம்மன் சாட்சியாக ஒரு வருசத்துக்கு அடிமையாகப் பேசி முடிப்பார்கள். சாட்சி சொன்ன அம்மனுக்குப் பயந்து ஓட மாட்டான். விடுதலையை நினைக்க ஒரு திருவிழா, அடிமையைப் புதுப்பிக்க ஒரு திருவிழா. வகுப்பில் இருந்த பிள்ளைகளில் மூன்று பேர் பணியர் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தாவிடம் இதைக் கேட்டுவரச் சொல்லத் தோழர்களுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. எல்லாக் கேள்வியும் சிலோன் பற்றியே போயிற்று. இந்தக் குறையை மறைக்க விரும்பவில்லை.

வாக்களிக்கப்பட்ட நாட்டில் ஏற்கெனவே மனிதர்கள் இருந்தார்கள் என்றால் காசாவைப் பேசாமல் இருக்க முடியாது. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு காசாவில் பல்லாயிரம் பாலஸ்தீனர், பிள்ளைகள் உட்பட, இஸ்ரேல் அரசால் கொல்லப்பட்டிருக்கிறார்கள். இதை எதிர்க்கிற நம் தோழர்களில் சிலர் வாய்தவறி ஹிட்லரைப் புகழ்வதையும் கேட்டிருக்கிறோம். அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றவனை. பிறப்பைக் காரணமாக வைத்து ஒரு மக்களையே அழிக்கத் துணிந்தவனைப் புகழ்ந்துவிட்டு நாம் சாதியைப் பற்றிப் பேச முடியாது. அரசு வேறு, மக்கள் வேறு. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் பாஸ்கா விருந்தைத் தெருவில் வைத்து, இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பாதே என்று உட்கார்ந்து கைதானவர்கள் யூதர்களே. அந்த விருந்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. எகிப்தியருக்கு வந்த பத்து வாதைகளைச் சொல்லும்போது, வாதைக்கு ஒரு சொட்டாகக் கிண்ணத்திலிருந்து திராட்சரசத்தை எடுத்து விடுவார்கள். எதிரி செத்தாலும் நம் கிண்ணம் நிறைந்திருக்கக் கூடாதாம். வகுப்பில் தேத்தண்ணியில் விரலை நனைத்துப் பத்துச் சொட்டு விட்டார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

அந்தக் கதையில் நாலு விதப் பிள்ளைகள் வருகிறார்கள். அறிவுள்ளவன், முரடன், வெகுளி, கேட்கவே தெரியாதவன். கேட்கத் தெரியாத பிள்ளையிடம் நீயே பேச்சைத் தொடங்கு என்பது பெரியவர்களுக்கு உத்தரவு. நம் பிள்ளைகள் கேட்கத் தெரியாதவர்களாகப் பிறக்கவில்லை. கக்கூஸ் கழுவ என்னை மட்டும் ஏன் சார் அனுப்புறீங்க என்று கேட்ட பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று இந்த இதழை வாசிக்கிற ஆசிரியத் தோழர்களுக்கே தெரியும். கேட்டதை மறக்கடித்து அனுப்புகிறார்கள். அப்புறம் கலர் பென்சில் கொடுக்கிறார்கள்.

ஏப்ரல் 14ஐ நாம் எப்படிக் கொண்டாடுகிறோம்? மாலை, மைக் செட், நீளமான பேச்சு, பிள்ளைகளுக்கு ஆரஞ்சு மிட்டாய். பேச்சு முடியும் முன் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். அடுத்த ஏப்ரலில் லயங்களிலும் சேரிகளிலும் மேடையைக் குறைத்து, தரையில் ஒரு தட்டை வையுங்கள். தட்டில் என்ன வைப்பது என்று நாம் சொல்ல மாட்டோம். தஞ்சாவூர்ச் சேரியில் சாணிப்பால் ஞாபகம் இருக்கும், கீழ்வெண்மணிக்காரர்களுக்குச் சாம்பல், வால்பாறையில் அட்டைக்கடிக்குப் பூசின சுண்ணாம்பு. பணியர் வீட்டில் என்ன என்று நமக்குத் தெரியாது, அவர்கள்தான் வைக்க வேண்டும். சின்னப் பிள்ளை முதலில் கேட்கட்டும். பெரியவர்கள் பதில் சொல்லாமல் எழுந்து போகாமல் இருந்தால் போதும். பிள்ளைகள் கேட்டதை அப்படியே, திருத்தாமல், எழுத்துப்பிழையோடு எங்களுக்கு அனுப்புங்கள், அச்சிடுகிறோம்.

பந்தலூர் வகுப்பில் நாலு கேள்வி என்று சொல்லியும் ஐந்தாவதாக ஒன்று வந்தது. பேமிலி கார்டு பாட்டியின் பேத்தி எழுதியது. 2022 அக்டோபரில் டான்டீ வசமிருந்த 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசாணை வந்தபோது, ஓய்வு பெற்றவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டுமா என்று மலை முழுக்கப் பேச்சானது, போராட்டமும் நடந்தது. அந்தப் பிள்ளை அப்போது ரொம்பச் சின்னது. வீட்டில் பேசியதைக் கேட்டிருக்கிறது. கோடு போட்ட தாளில் பென்சிலால் எழுதியிருந்தது:

‘அம்மாவுக்கு ரிட்டேர் ஆச்சுன்னா இந்த வீட்டுல இருந்து நாம எங்க போவோம். பாட்டி வந்த கப்பல் இப்ப இருக்கா.’

பாட்டி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அட்டையைத் துணியில் சுற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

ஆசிரியர் குழு